காரில் வைக்கும் கருவி கணினியோடு இணைய மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜி.பி.எஸ். நேவிகேட்டர், டாஷ்கேம், ஓ.பி.டி. ஸ்கேனர் (காரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி), கார் ஸ்டீரியோ என்று எதை அப்டேட் செய்யப் போனாலும் பலர் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: கருவிக்கும் கணினிக்கும் நடுவில். அப்டேட் கோப்பும் சரியாக இருக்கும், கருவியும் நன்றாக இருக்கும். ஒரு கேபிளோ ஏதோ ஓர் அமைப்போ காலை வாரிவிடும். முதல் இரண்டு கேள்விகளைத் தவறாமல் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். அவற்றைத் தாண்டிக் குதித்தால் நன்றாக இருக்கும் டிரைவரை (கருவியோடு பேச கணினிக்கு உதவும் சிறு மென்பொருள்) அழிப்பதிலும் மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவுவதிலும்தான் நேரம் போகும்.

கேபிளைச் சொருகினேன். கருவியில் விளக்கு எரிகிறது, சார்ஜும் ஏறுகிறது. ஆனால் கணினியில் எதுவுமே வரவில்லையே?

விளக்கு எரிவதை வைத்து கேபிள் நல்ல கேபிள்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். சாதாரண யூ.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு டேட்டாவுக்கு. சார்ஜ் செய்வதற்கென்றே விற்கப்படும் மலிவான கேபிள்களில் டேட்டா கம்பிகளே இருக்காது. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கருவிக்கு மின்சாரம் கிடைக்கும், கணினிக்கோ அப்படி ஒரு கருவி வந்து சேர்ந்த சேதியே போகாது.

நேவிகேட்டரோடு வரும் கார் சார்ஜர் கேபிள் இன்னொரு சிக்கல். சில பழைய நேவிகேட்டர்களில் மினி யூ.எஸ்.பி. வாய் இருக்கும். அதில் ஐந்து பின்கள். அவற்றுள் ஒன்று ‘என்னோடு சேர்ந்திருப்பது எது?’ என்று கருவி தெரிந்துகொள்வதற்கான அடையாளப் பின். கார் கேபிளைத் தயாரிக்கும்போது அந்தப் பின்னில் ஒரு சிறு மின்தடையைப் போட்டு, ‘இது வெறும் மின்சாரம்’ என்று கருவிக்குச் சொல்லிவிடுவார்கள். அதே கேபிளின் மறுமுனையைக் கணினியில் சொருக முடிந்தாலும், கருவி வழக்கம்போல வரைபடத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அப்டேட் செய்ய வேறு கேபிள் வேண்டும்.

சோதிப்பது எளிது. அதே கேபிளால் ஒரு போனையோ கேமராவையோ கணினியில் இணைத்து, அதன் கோப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் கேபிள் டேட்டா கேபிள்தான். தெரியாவிட்டால் அந்தக் கேபிளைச் சார்ஜுக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள். காரிலேயே கிடந்து வெயிலில் வாடிய கேபிளென்றால், தலைக்குச் சற்றுக் கீழே லேசாக வளைத்துப் பாருங்கள். இணைப்பு வந்து வந்து போனால் உள்ளே கம்பி முறிந்திருக்கிறது.

கணினி என் கருவியைப் பார்க்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பிரச்சினை பாதியாகச் சுருங்கிவிடும்.

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டன் மீது வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து வையுங்கள். கருவியைக் கழற்றுங்கள், பட்டியலைப் பாருங்கள். திரும்பச் சொருகுங்கள், பட்டியலையே பார்த்துக்கொண்டிருங்கள். சொருகிய சில நொடிகளில் பட்டியல் ஒருமுறை துள்ளி, புதிதாக ஒரு வரி சேரும். அது ‘டிஸ்க் டிரைவ்ஸ்’ என்பதன் கீழ் வரலாம், ‘போர்ட்டபிள் டிவைசஸ்’ என்பதன் கீழ் வரலாம், மஞ்சள் முக்கோணத்தோடு ‘அதர் டிவைசஸ்’ என்பதன் கீழ் வரலாம். எங்கே வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே ஆப்பிள் மெனுவைத் திறந்தால் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ கிடைக்கும். அதில் யூ.எஸ்.பி. பகுதியைப் பாருங்கள். அந்தப் பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாமல் போகலாம், கமாண்ட் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்திப் புதுப்பியுங்கள்.

பட்டியல் அசையவே இல்லையா? கேபிள், போர்ட், மின்சாரம், கருவியின் அமைப்பு இந்த நான்கில் ஒன்றுதான் காரணம். அந்த நிலையில் டிரைவர் தேடுவதில் பயனில்லை. பட்டியலில் ஏதோ ஒன்று வந்துவிட்டதா? கேபிளும் போர்ட்டும் பெரும்பாலும் தப்பித்துவிட்டன. டிரைவர், டிரைவ் எழுத்து (D:, E: போன்றது), அப்டேட் மென்பொருள், நெட்வொர்க் என்று அந்தப் பக்கம் தேடுங்கள்.

எந்தப் பக்கம் தேடினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் மென்பொருளையும் ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும். அடுத்த அப்டேட்டின்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

எந்த போர்ட்டில் சொருகுவது? ஹப் பயன்படுத்தலாமா?

நேரடியாகக் கணினியில் சொருகுங்கள். விசைப்பலகையிலும் மானிட்டரிலும் இருக்கும் போர்ட்டுகள், தனி மின்சாரம் இல்லாத ஹப்புகள் எல்லாம் ஒரே போர்ட்டின் மின்சாரத்தைப் பலருக்குப் பங்கு பிரிப்பவை. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், யூ.எஸ்.பி. 3.0 போர்ட் தருவது 900. திரையும் ஜி.பி.எஸ். வாங்கியும் ஒன்றாக ஓடும் நேவிகேட்டருக்கு முதலாவதே இறுக்கிப் பிடிக்கும். டெஸ்க்டாப் என்றால் பின்பக்க போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டவை. முன்பக்க போர்ட்டுகளுக்கு உள்ளே ஒரு நீளமான ஒயர் ஓடும். பின்பக்கத்தையே பயன்படுத்துங்கள்.

கருவியின் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டாஷ்போர்டிலேயே இருக்கும் கருவியில் தூசி அடைந்து, கேபிள் முழு ஆழத்துக்கு இறங்காமல் நிற்பது சகஜம். கருவியை அணைத்துவிட்டு மரக் குச்சியால் மெல்ல எடுத்துவிடலாம். ஊசியோ உலோகமோ வேண்டாம்.

என் டாஷ்கேமில் டைப்-சி வாய். இருபுறமும் டைப்-சி உள்ள கேபிள் போட்டால் உயிரே இல்லை, மறுமுனையில் பழைய செவ்வக யூ.எஸ்.பி. உள்ள கேபிளில் வேலை செய்கிறது. கருவி பழுதா?

பழுது இல்லை, செலவைக் குறைத்த வடிவமைப்பு. டைப்-சி போர்ட் உள்ள கணினி, எதிர்ப்பக்கம் 5.1 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மின்சாரத்தையே விடும். மலிவான கருவிகள் பலவற்றில் அந்த மின்தடையை விட்டுவிடுகிறார்கள். பழைய வகை டைப்-ஏ போர்ட் எதையும் கேட்காமல் 5 வோல்ட்டைக் கொடுத்துவிடுவதால் அதில் எல்லாம் நடக்கும். உங்கள் கணினியில் டைப்-சி மட்டும்தான் இருக்கிறதென்றால், டைப்-ஏ வாய் உள்ள ஒரு சிறு அடாப்டரை வைத்து அதில் பழைய கேபிளைச் சொருகுங்கள்.

சொருகினால் ‘டிங்’ என்று ஒலி வருகிறது, உடனே துண்டிக்கிறது, மறுபடி ‘டிங்’. இதே மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது.

மின்சாரம் போதவில்லை. கருவி எழுந்திருக்கப் பார்க்கிறது, பேட்டரி தாங்காமல் விழுகிறது. நாட்கணக்கில் கிடந்த நேவிகேட்டரின் பேட்டரி முழுக்க இறங்கியிருக்கும். முதலில் சுவர்ச் சார்ஜரில் போட்டு நன்றாக ஏற்றிவிட்டு அப்புறம் கணினிக்குக் கொண்டுவாருங்கள். வருடங்கள் ஓடிய லித்தியம் பேட்டரி, அதுவும் வெயிலில் நிற்கும் காருக்குள் இருந்தது, சார்ஜ் ஏறியதுபோல் காட்டிவிட்டுச் சட்டென்று விழும். பின்பக்கம் உப்பியிருந்தால் அப்டேட்டை மறந்துவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள்.

பல டாஷ்கேம்களில் பேட்டரியே கிடையாது, சூப்பர் கெப்பாசிட்டர்தான். அதில் சேர்ந்திருப்பது கடைசிக் கோப்பை மூடி வைக்க மட்டுமே போதும். அப்படிப்பட்ட கருவியில் கேபிள் ஒரு நொடி ஆடினாலும் அப்டேட் அந்தரத்தில் நின்றுவிடும்.

இணைத்ததும் டாஷ்கேம் பதிவு செய்யவே ஆரம்பித்துவிடுகிறது. கணினிப் படம் திரையில் வருவதில்லை.

கருவி கணினியைக் கார் சார்ஜர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சொருகிய உடனே திரையில் ஒரு சிறு தேர்வு வந்து மறைகிறதா என்று கவனியுங்கள்: மாஸ் ஸ்டோரேஜ், பி.சி. கேமரா, சார்ஜ் என்று இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். பி.சி. கேமராவைத் தேர்ந்தால் டாஷ்கேம் வெறும் வெப்கேமாக மாறும், கார்டு தெரியாது. தேர்வே வரவில்லை என்றால் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து முழுமையாக அணைத்துவிட்டு, அணைந்த நிலையிலேயே கேபிளைச் சொருகிப் பாருங்கள்.

‘யூ.எஸ்.பி. டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று வருகிறது. டிவைஸ் மேனேஜரில் கோட் 43. டிரைவர் எங்கே கிடைக்கும்?

கோட் 43 வந்தவுடன் டிரைவர் தேடி ஓடுபவர்கள்தான் அதிகம். கருவி இணைந்ததும் கணினி அதனிடம் ‘நீ யார், எந்தத் தயாரிப்பு?’ என்று கேட்கும். பதில் வராமலோ குழம்பியோ வந்தால் இந்தச் செய்தி. பதிலே வராதபோது எந்த டிரைவரைப் போடுவது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? ஆகவே கேபிள், போர்ட், சார்ஜ் மூன்றையும் மறுபடி பாருங்கள். மூன்றும் சரியென்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த வரியை அன்இன்ஸ்டால் செய்து, கருவியைக் கழற்றி, கணினியை மறுதொடக்கம் செய்து, பிறகு சொருகுங்கள்.

டிரைவர் நிஜமாகவே வேண்டும் என்று சொல்வது கோட் 28. ஓ.பி.டி. அடாப்டர்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். அவற்றுக்குள் சி.ஹெச்.340, எஃப்.டி.டி.ஐ. போன்ற ஒரு சிப் இருக்கும். அந்தந்த சிப்புக்கான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்று கூவும் மென்பொருட்களைத் தொடவே வேண்டாம். டிரைவர் ஏறியதும் காம் போர்ட் எண் ஒன்று (அந்த இணைப்புக்குக் கணினி கொடுக்கும் எண்) வரும், அதே எண்ணை ஸ்கேனர் மென்பொருளிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். சில ஸ்கேனர்களுக்கு யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட் போதாது. காரின் ஓ.பி.டி. போர்ட்டில் 16-ஆம் பின் தரும் 12 வோல்ட்டும் சேர்ந்தால்தான் விழிக்கும். லேப்டாப்பைக் காருக்கு எடுத்துப் போக வேண்டியதுதான்.

டிவைஸ் மேனேஜரில் இருக்கிறது, ஆனால் கோப்புகளைத் திறக்க டிரைவ் எதுவும் இல்லை.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கருவியின் நினைவகம் அங்கே எழுத்தில்லாமல் நிற்கும், அல்லது ஆபீஸ் நெட்வொர்க் டிரைவ் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் எழுத்தோடு மோதிக்கொண்டிருக்கும். வலது கிளிக் செய்து, யாரும் பயன்படுத்தாத எழுத்தாகக் கொடுங்கள், உடனே தெரியும். ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நேவிகேட்டரின் உள் நினைவகத்தில் வரைபடமும் இயங்கு கோப்புகளும் சேர்ந்தே இருக்கும். அதை அழித்துவிட்டால் மீட்பது பெரும்பாடு.

ஆபீஸ் லேப்டாப் என்றால் வெளி டிரைவ்களையே நிர்வாகம் தடுத்து வைத்திருக்கலாம். அதற்குள் போராட வேண்டாம், வேறு கணினியில் செய்யுங்கள்.

கோப்புகள் தெரிகின்றன. ஆனாலும் அப்டேட் மென்பொருள் ‘கருவி எதுவும் இணைக்கப்படவில்லை’ என்கிறது.

இங்கே காரணங்கள் பல. கருவிகள் கணினியோடு பேசும் முறை ஒன்றல்ல. சில பென்டிரைவ் போல வரும். சில எம்.டி.பி. முறையில், போன் வருவதுபோல வரும். இன்னும் சில ஒரு நெட்வொர்க் அட்டையாகவே தோன்றி, யூ.எஸ்.பி. கேபிளுக்குள் ஒரு குட்டி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும். இந்தக் கடைசி வகையைத்தான் வி.பி.என். (இணையப் போக்குவரத்தைத் தனி வழியில் திருப்பிவிடும் மென்பொருள்) வழிமறிக்கும். வி.பி.என்.னை முழுக்க மூடிவிட்டு, ஃபயர்வாலில் அந்த மென்பொருளுக்கு அனுமதி கொடுத்துப் பாருங்கள். எம்.டி.பி. வகையென்றால், விண்டோஸின் ‘N’ பதிப்பில் (மீடியா வசதிகள் இல்லாமல் வரும் பதிப்பு) மீடியா ஃபீச்சர் பேக் தனியாக நிறுவினால்தான் வேலை செய்யும்.

பின்னணியில் ஓடும் படங்களை ஒத்திசைக்கும் மென்பொருள், வைரஸ் ஸ்கேனர் போன்றவை கருவியை முந்திக்கொண்டு பிடித்து வைத்திருக்கும். அவற்றை மூடிவிட்டு, அப்டேட் மென்பொருளை முதலில் திறந்து, பிறகு கருவியை இணையுங்கள். மென்பொருளின் வயதையும் பாருங்கள். 2019-இல் வந்த மேக் ஓ.எஸ். கேட்டலினா முதல் 32 பிட் மென்பொருட்கள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. ஆகவே பழைய கணினியில் மட்டும் தகராறு என்றால் சமீபத்திய கணினி ஒன்றில் முயல்வது மணிக்கணக்கை மிச்சப்படுத்தும்.

மேக்கில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

மூன்று உண்டு. ஆப்பிள் சிப் உள்ள லேப்டாப்புகளில் வெஞ்சுரா பதிப்பு முதல், புதிய கருவியைச் சொருகினால் ‘அனுமதிக்கவா?’ என்று ஒரு சாளரம் கேட்கும். அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் சார்ஜ் மட்டும் ஏறும். எம்.டி.பி. கருவிகள் ஃபைண்டரில் தெரியாது. தயாரிப்பாளரின் மென்பொருளில் தெரிந்தால் போதும், பதற வேண்டாம். மூன்றாவது, ‘இடமில்லை’ என்ற புகார். கருவியிலிருந்து ஒரு கோப்பை நீக்கினால் அது கருவிக்குள்ளேயே மறைந்த குப்பைத் தொட்டியில் கிடக்கும். கருவி இணைந்திருக்கும்போதே டிராஷைக் காலி செய்தால்தான் இடம் நிஜமாகத் திரும்பக் கிடைக்கும்.

மெமரி கார்டில் அப்டேட் கோப்பைப் போட்டேன். டாஷ்கேம் கண்டுகொள்ளவே இல்லை.

கேபிள் வழியே முடியாதவர்களுக்கு இதுதான் நல்ல வழி, ஆனால் சின்னச் சின்னப் பிசகுகள் இங்கேதான் அதிகம்.

கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒரே கோப்பை இரண்டாம் முறை பதிவிறக்கினால் பிரவுசர் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும். டாஷ்கேம் தேடுவதோ அச்சு அசலாக ஒரே ஒரு பெயரை. அந்த 1 இருந்தால் அதற்கு அது வேறு கோப்பு. விண்டோஸ் கோப்பின் வால் பெயரை மறைத்து வைப்பதால், நாமே ‘.பின்’ என்று சேர்த்து அது இரண்டு ‘.பின்’ ஆகிவிடுவதும் உண்டு. எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் வால் பெயர்களைக் காட்டச் சொல்லிவிட்டுச் சரிபாருங்கள். ஜிப் கோப்பை விரிக்காமல் அப்படியே போட்டிருக்கிறீர்களா? விரித்தபோது ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்விட்டதா? அப்டேட் கோப்பு எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் கார்டின் முதல் தளத்திலேயே இருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான கருவிகள் எதிர்பார்க்கும். மேக்கில் நகலெடுத்தால் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட அதே பெயரில் ஒரு நிழல் கோப்பும் சேரும். சில கருவிகள் அதையே அப்டேட் என்று படிக்கப் போய்த் திணறும், அதை அழித்துவிடுங்கள்.

அடுத்து கார்டின் ஃபார்மட். 32 ஜி.பி. வரையுள்ள எஸ்.டி.ஹெச்.சி. கார்டுகள் ஃபேட்32 அமைப்பில் வரும், அதற்கு மேல் எஸ்.டி.எக்ஸ்.சி., அது எக்ஸ்ஃபேட். பழைய கருவிகளுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கவே தெரியாது. அப்டேட்டுக்கு மட்டும் 32 ஜி.பி. அல்லது அதற்குக் குறைந்த ஒரு கார்டைத் தனியாக வைத்துக்கொள்வது என் சிபாரிசு. கார்டைக் கணினியில் அல்ல, டாஷ்கேமின் மெனுவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். தனக்கு எது படிக்கத் தெரியும் என்று அதற்குத்தான் தெரியும். ஃபார்மட்டுக்கு முன் தேவையான வீடியோக்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அடாப்டர் கார்டின் பக்கவாட்டிலுள்ள சிறு பூட்டு கீழே இறங்கியிருந்தால் கார்டில் எழுதவே முடியாது, அதையும் பாருங்கள்.

கார் ஸ்டீரியோவுக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ‘யூ.எஸ்.பி. காலி’ என்கிறது.

எந்த வாயில் சொருகினீர்கள்? காரில் இரண்டு மூன்று யூ.எஸ்.பி. வாய்கள் இருந்தாலும் டேட்டா படிப்பது பெரும்பாலும் ஒன்றே, மற்றவை சார்ஜுக்கு. டேட்டா வாயின் அருகே வழக்கமாகக் கிளை பிரியும் யூ.எஸ்.பி. சின்னம் இருக்கும். வாய் சரியென்றால் பென்டிரைவின் பார்ட்டிஷன் முறையை, அதாவது அதன் இடம் பிரிக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். ஜி.பி.டி. முறையில் அமைத்த பென்டிரைவைப் படிக்காத ஸ்டீரியோக்கள் நிறைய. எம்.பி.ஆர். முறையும் ஃபேட்32-உம் சேர்ந்தால் பெரும்பாலும் ஒத்துவரும். ஃபேட்32-இல் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். கோப்பு அதைவிடப் பெரிதென்றால் தயாரிப்பாளர் எந்த ஃபார்மட் சொல்கிறாரோ அதுதான்.

பாதி அப்டேட்டில் இணைப்பு அறுந்துவிட்டது. கருவி போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் கையை எடுத்துவிடுங்கள். திரை உறைந்ததுபோல் இருந்தாலும் உள்ளே எழுதிக்கொண்டிருக்கலாம், அரை மணி நேரமாவது விடுங்கள். பிறகும் அசையாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, திரும்ப இணைத்து, அதே மென்பொருளில் அதே அப்டேட்டை மறுபடி தொடங்குங்கள். வரைபடம் பாதியில் நின்றதென்றால் திரும்ப ஏற்றினால் தீர்ந்தது. ஃபர்ம்வேர் (கருவியையே இயக்கும் உள் மென்பொருள்) பாதியில் நின்றதென்றால்தான் கவலை. அதற்கும் பல கருவிகளில் மீட்பு முறை உண்டு, கையேட்டில் எந்தப் பட்டனை அழுத்திக்கொண்டே இணைக்க வேண்டும் என்று இருக்கும். இந்த நிலை வராமலிருக்க, அப்டேட்டுக்கு முன் கணினியின் ஸ்லீப்பை அணைத்துவையுங்கள், லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள், முடிந்ததும் ‘எஜெக்ட்’ கொடுத்துவிட்டே கழற்றுங்கள்.

பழைய நேவிகேட்டர். இவ்வளவு சிரமப்பட்டு அப்டேட் செய்யத்தான் வேண்டுமா?

தேதி தவறாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வாரத்தை 10 பிட் எண்ணாக அனுப்புகின்றன. 0 முதல் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி 0-க்குத் திரும்பும், ஏறத்தாழ 19.6 ஆண்டுக்கு ஒருமுறை. 1980 ஜனவரி 6-இல் தொடங்கிய எண்ணிக்கை 1999 ஆகஸ்டில் ஒருமுறையும் 2019 ஏப்ரல் 6 இரவு இரண்டாம் முறையும் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில். இதைச் சமாளிக்கத் தெரியாத பழைய ஃபர்ம்வேர் சுமார் இருபது ஆண்டு முந்தைய தேதியைக் காட்டும், போய்ச் சேரும் நேரமும் குழம்பும். அப்படியென்றால் ஃபர்ம்வேர் அப்டேட்டை அவசியம் செய்யுங்கள். தேதி சரி, போகும் வழிகளும் சரியாக இருக்கின்றன என்றால் அவசரமில்லை.

எல்லாம் செய்தாயிற்று. சர்வீஸுக்கு அனுப்புமுன் என்ன எழுதிக்கொள்வது?

மாடல் எண், சீரியல் எண், இப்போதுள்ள ஃபர்ம்வேர் பதிப்பு, கணினியின் இயங்குதளப் பதிப்பு, டிவைஸ் மேனேஜரில் வந்த கோட் எண். கூடவே, வேறொரு கணினியிலும் வேறொரு கேபிளிலும் என்ன நடந்தது என்று ஒரு வரி. இந்த வரி இல்லையென்றால் ‘கேபிளை மாற்றிப் பாருங்கள்’ என்பதுதான் முதல் பதிலாக வரும். நேவிகேட்டரில் நீங்கள் சேமித்த இடங்களையும் டாஷ்கேம் கார்டையும் அனுப்புமுன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸில் கருவியை முழுதாக அழித்துத் திருப்பித் தருவது சாதாரணம்.